எண்ணெய் பீப்பாய்க்குள் சுரம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கரீபியன் பாட்டுகளில் கண்ணாடியில் தண்ணீர்த் துளி விழுவதுபோல ஒரு ஓசை வருகிறது, அது எண்ணெய் பீப்பாயை வெட்டிச் செய்த ஸ்டீல்பான் (சுருக்கமாகப் பான்) என்ற வாத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தகரப் பீப்பாயில் எப்படி அத்தனை சுரம் வரும், அதைக் கண்டுபிடித்த ஆள் யார், இருபதாம் நூற்றாண்டில் உருவான ஒரே புது வாத்தியம் அதுதான் என்பது உண்மையா, கேட்க ஆரம்பிப்பதென்றால் யாரிடமிருந்து ஆரம்பிப்பது. இதில் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘யார்’ என்ற கேள்விதான் சிக்கலானது, எனக்குப் பிடித்ததும் அதுதான், அதனால் அதில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. டொராண்டோவில் ஒரு ஸ்டீல்பான் குழுவில் பதினான்கு வருஷமாக ‘டபுள் செகண்ட்’ வாசிக்கிறேன், இரண்டு பீப்பாய் சேர்ந்தது அது. சின்ன வயதில் ஊரில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன். வேலையிடத்தில் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த டிரினிடாட்காரர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னைப் ‘பான்யார்டு’க்கு, அதாவது குழு பயிற்சி செய்யும் இடத்துக்கு, கூட்டிப்போனார். அன்றிலிருந்து விடவில்லை. வாசிப்பதைப் பற்றியும் குழுவில் பெரியவர்கள் சொன்னதைப் பற்றியும் தைரியமாகச் சொல்வேன். பான் அடித்து உருவாக்குவதும் சுருதி சேர்ப்பதும் வேறு கலை, அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், என் கையால் செய்ததில்லை.

முதலில் ஒரு விஷயம், இது ஜமைக்கா வாத்தியம் இல்லை. ரெக்கே, ஸ்கா, பாப் மார்லி எல்லாம் ஜமைக்கா. ஸ்டீல்பான் பிறந்தது டிரினிடாடில், கலிப்ஸோ பாட்டு வளர்ந்த தீவில். இரண்டுக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் மைல் கடல் இருக்கிறது. டிரினிடாட்காரர்களிடம் மாற்றிச் சொன்னால் உண்மையாகவே மனம் வருந்துவார்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது பீப்பாய்க்கு வருவோம். 55 கேலன் எண்ணெய் டிரம், நம்மூரில் ரோடு போடும்போது தார் வருமே, அதே அளவுதான். அதைக் கவிழ்த்து வைத்து, தட்டையான அடித்தகட்டைச் சம்மட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குகிறார்கள். மேல் சுரங்கள் வாசிக்கும் டெனர் பானுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். பெரிய வாணலி மாதிரி ஆகிவிடும். அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும், ஏனென்றால் இறங்க இறங்க அது மெலிந்துகொண்டே போகிறது. அப்புறம் ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் வரைந்து, கோட்டின் மேல் மழுங்கிய உளியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே வருவார்கள். பக்கவாட்டுத் தகட்டை வேண்டிய உயரத்துக்கு வெட்டுவார்கள். டெனருக்கு ஒரு சாண்கூட இருக்காது, தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் பாஸ் பானுக்கு முழு பீப்பாயும் அப்படியே நிற்கும். பிறகு நெருப்பில் காட்டுவார்கள். பறையைக் காய்ச்சுவதுபோல ஒவ்வொரு முறையும் வாசிக்கும் முன் அல்ல, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எஃகு இறுகுவதற்காக. கடைசியில்தான் சின்னச் சுத்தியலோடு சுருதிக்காரர் உட்காருவார். குழுவில் அவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும்.

தகரத்தைத் தட்டினால் ‘டங்’ என்று கரகரக்குமே தவிரப் பாடாது. காரணம், எந்தத் தகட்டைத் தட்டினாலும் ஒரே நேரத்தில் பல அதிர்வுகள் எழும், அவற்றுக்குள் எந்த உறவும் இருக்காது. பானில் ஒவ்வொரு சுரத்துக்கும் குழிக்குள்ளேயே ஒரு சின்ன முட்டை வடிவ மேடு இருக்கிறது. சுருதிக்காரர் அந்த மேட்டை மேலும் கீழும் தட்டித் தட்டி, கீழ் ‘ஸ’ ஒலித்தால் அதே இடத்திலேயே அதன் மேல் ‘ஸ’வும், அதற்கும் மேலே உள்ள ‘ப’வும் சேர்ந்து ஒலிக்கும்படி ஆக்குகிறார். மேட்டின் நீளவாக்கில் தட்டுவது ஒன்றைச் சரிசெய்யும், அகலவாக்கில் தட்டுவது இன்னொன்றை. அந்த மூன்றும் பொருந்திய நொடியில் தகரச் சத்தம் மறைந்து ஒரு மினுமினுப்பு வரும். நீங்கள் தண்ணீர்த் துளி என்று சொன்னது அதைத்தான். கடத்துக்கு ஒரு சுருதிதான். ஜலதரங்கத்தில் கிண்ணத்துக்கு ஒரு சுரம். இங்கே ஒரே தகட்டில், ஒட்டி ஒட்டி, வழக்கமான டெனரில் 29 சுரங்கள். வெளிவட்டத்தில் 12, அதற்கு உள்ளே அவற்றின் மேல் ஸ்தாயி 12, நடுவில் இன்னும் 5.

அந்த வரிசையில்தான் பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. பியானோவைப்போல ஸ, ரி, க என்று பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்றைத் தட்டும்போது பக்கத்துச் சுரமும் லேசாக அதிர்ந்து ஓசை கெட்டுவிடும். அதனால் ‘ஸ’வுக்கு ஒரு பக்கத்தில் ‘ப’, மறுபக்கத்தில் ‘ம’ என்று வைத்தார்கள். பக்கத்துச் சுரம் அதிர்ந்தாலும் அது உறவுச் சுரம், ஓசைக்கு வலுவே சேர்க்கும். இப்படி வட்டத்தைச் சுற்றிவந்தால் பன்னிரண்டும் அடங்கிவிடும். இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் அந்தோனி வில்லியம்ஸ். கோடுகள் சிலந்தி வலைபோல இருக்கும் என்பதால் அவர் முதலில் செய்த பானை ஸ்பைடர் வெப் என்று அழைத்தார்கள்.

ஒரு சுரத்தை எத்தனை சுலபமாகக் கெடுக்கலாம் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். முதல் வருஷம், மிருதங்கப் பழக்கத்தில், திருவிழா ஊர்வலத்தில் உற்சாகமாகி ஓங்கி ஓங்கி அடித்தேன். மறுநாள் ஒரு சுரம் மட்டும் மங்கி, சளி பிடித்த குரல் மாதிரி ஆகிவிட்டது. சுருதிக்காரர் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. பானைக் கவிழ்த்து அடியில் காதை வைத்து, நான்கைந்து முறை மெதுவாகத் தட்டி, திருப்பி, ஒரு முறை வாசித்தார். பழைய குரல் திரும்பிவிட்டது. “குச்சியைத் தூக்கு, தகடு தானாகப் பாடும்” என்ற பொருளில் ஏதோ சொன்னார். ரப்பர் சுற்றிய குச்சி தகட்டைத் தொட்டவுடன் விலகிவிட வேண்டும். அது கைக்கு வர எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

சரி, யார் கண்டுபிடித்தது? உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். டிரினிடாடில் அடிமை முறை 1830களில் ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் கார்னிவல் என்ற வருடாந்தரத் தெருத் திருவிழாவைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தீவட்டியும் மத்தளமும் சிலம்பாட்டமுமாகப் போன அவர்களுடைய ஊர்வலத்தை அடக்க பிரிட்டிஷ் நிர்வாகம் முயன்றது, 1881இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் போலீஸோடு பெரிய மோதல் நடந்தது. அதற்கு அப்புறம் வந்த சட்டங்கள் மத்தளத்தைத் தெருவிலிருந்து விரட்டின. 1884இல், இந்தியக் கூலிகள் சான் ஃபெர்னாண்டோ நகரத்தின் அருகே நடத்திய முகரம் ஊர்வலத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றார்கள். இரண்டு சமூகங்களின் கொட்டு முழக்கத்தையும் ஒரே அரசு, ஒரே காலத்தில் அடக்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் இல்லாமல் போனபோது மூங்கில் வந்தது. வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் போட்டார்கள், டம்பூ பாம்பூ என்று அதற்குப் பெயர். 1930களில் மூங்கிலோடு பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி, கார் பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. மூங்கில் பிளந்துவிடும், தகரம் பிளக்காது, சத்தமும் அதிகம். அந்தப் பத்தாண்டின் முடிவில் முழுக்க உலோகத்திலேயே குழுக்கள் வந்துவிட்டன.

இரண்டாம் உலகப்போரின்போது 1942 முதல் கார்னிவல் தடைசெய்யப்பட்டது. ஆனால் கொல்லைப்புறங்களில் தட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் தீவு, போதாததற்கு அமெரிக்கக் கடற்படைத் தளமும் அங்கே வந்தது, பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்ததும் பையன்கள் தெருவுக்கு வந்தபோது, கையில் இருந்தவற்றில் சில ஏற்கனவே ராகம் சொல்லத் தொடங்கியிருந்தன.

இனிமேல் வருவதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. தகட்டில் முதன்முதலில் சுரம் பிரித்தவர் வின்ஸ்டன் ‘ஸ்ப்ரீ’ சைமன் என்று ஒரு கதை பரவலாக உண்டு. தன் டின்னை இன்னொருவரிடம் கொடுத்து வாங்கியபோது அது நசுங்கியிருந்ததாம், நிமிர்த்தத் தட்டியபோது இடத்துக்கு இடம் வேறு வேறு ஓசை வந்ததாம். 1946 கார்னிவலில் அவர் கவர்னர் முன்னால் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தார் என்றும் சொல்வார்கள். அவர் பெரிய கலைஞர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, கலிப்ஸோ மன்னர் லார்ட் கிச்சனர் அவருக்காக ஒரு பாட்டே கட்டினார். ஆனால் அவர்தான் முதல் ஆள் என்பதை மற்றப் பேட்டைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கால்வரி ஹில் பகுதியினர் விக்டர் வில்சன் அதற்கும் முன்னாலேயே கடிகார மணி ஓசையைக் கேட்டு நான்கு சுரம் வைத்தார் என்பார்கள். ஆல் ஸ்டார்ஸ் குழுவினர் நெவில் ஜூல்ஸ் பெயரைச் சொல்வார்கள். முதலில் வெளிப்பக்கம் புடைத்திருந்த தகட்டை உள்பக்கம் குழிவாக்கியதும், குச்சி முனையில் ரப்பர் சுற்றியதும் பொதுவாக எல்லி மானெட் கணக்கில் எழுதப்படுகிறது, இதற்கு ஆதரவு அதிகம். மேல் ஸ்தாயியையும் சேர்த்துச் சுருதி கூட்டும் முறைக்குப் பெர்ட்டி மார்ஷல். வெயிலில் தகடு சூடாகிச் சுருதி கலைவதைப் பார்த்து, ஊர்வலத்தில் பானுக்கு மேல் கூரைத்துணி கட்டியவரும் அவர்தான்.

என்னைக் கேட்டால், ‘முதல் ஆள்’ யார் என்று தேடுவதே இந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது. பத்துப் பதினைந்து தெருக்களில், பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாத ஏழைப் பையன்கள், ஒருவரை ஒருவர் ஒட்டுக்கேட்டு, திருடி, மிஞ்சப் பார்த்துச் செய்த வேலை இது. இந்த வாரம் ஒரு குழு புதிதாக ஒரு சுரம் சேர்த்தால் அடுத்த வாரம் எதிர்த் தெருவில் இரண்டு சேரும். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய ஒருவர் இருக்கிறார், சிறுவனாக இருந்தபோது எதிரிக் குழுவின் வேலிக்குப் பின்னால் படுத்து ராகத்தை மனப்பாடம் செய்து வந்து சொன்னதைக் கண் மின்ன விவரிப்பார்.

போட்டி வெறும் சங்கீதப் போட்டி இல்லை. டெஸ்பராடோஸ், இன்வேடர்ஸ், டோக்கியோ, காஸாபிளாங்கா, ரெனிகேட்ஸ் என்று சினிமாவிலும் போர்ச் செய்திகளிலும் கேட்ட பெயர்களை வைத்துக்கொண்டார்கள், கத்தியும் பாட்டிலும் கல்லுமாக மோதினார்கள். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதியதைப் பற்றிப் பின்னால் கலிப்ஸோ பாட்டே வந்தது. பான் வாசிக்கிறவன் ரவுடி என்றுதான் நடுத்தரக் குடும்பங்கள் நினைத்தன, பெண் பிள்ளைகள் பான்யார்டு பக்கம் போவதே கேவலம் என்று இருந்தது. அந்த நிலைமையில் 1950களின் தொடக்கத்தில் ஹேசல் ஹென்லியும் தோழிகளும் ‘கேர்ள் பாட்’ என்று பெண்களே உள்ள ஒரு குழுவைத் தொடங்கினார்கள் என்றால் அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்.

பார்வை மாறத் தொடங்கியது 1951இல். லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு, எதிரிக் குழுக்களிலிருந்து ஆளுக்கொருவராகப் பொறுக்கி, டாஸ்போ என்ற ஒரே குழுவாக அனுப்பினார்கள். மானெட், வில்லியம்ஸ், ஸ்ப்ரீ சைமன், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் எல்லாரும் அதில் இருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பார்படோஸில் பிறந்த போலீஸ் பாண்ட் மாஸ்டர், லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித். பன்னிரண்டு சுரமும் எல்லாப் பானிலும் முழுதாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பாஸ் சுரங்களுக்குப் பெரிய இடம் தேவை, ஒரே பீப்பாயில் அடங்காது, அதனால் பல பீப்பாய்களைச் சேர்த்து ஒருவரே வாசிக்கும் முறை வந்தது. இன்றைக்கு ‘சிக்ஸ் பாஸ்’ என்றால் ஆறு முழுப் பீப்பாய், ஒவ்வொன்றிலும் மூன்றே சுரம், நடுவில் நின்று சுழன்று சுழன்று வாசிப்பார்கள். லண்டனில் அந்தப் பதினொரு பேர் வாசித்து முடித்த பிறகு, பெட்டன்கோர்ட் அங்கேயே தங்கிவிட்டார், பிரிட்டனில் ஸ்டீல்பான் வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1963இல் பனோரமா என்ற ஆண்டுப் போட்டி தொடங்கியது, முதல் வருஷமும் அடுத்த வருஷமும் ஜெயித்தது அந்தோனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ். நூறு பேருக்கு மேல் ஒரே மேடையில், எட்டு நிமிஷம், ஒரு கலிப்ஸோ பாட்டை எடுத்துக்கொண்டு ராகம், ஸ்தாயி, தாளம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி விரித்து வாசிப்பார்கள். பெரும்பாலோர் இசைக்குறிப்பு படிப்பதில்லை, எல்லாம் வாய்ப்பாடமும் கைப்பாடமும்தான். நம் குருகுலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. லார்ட் கிச்சனர் என்ற ஆல்ட்வின் ராபர்ட்ஸ் (1948இல் விண்ட்ரஷ் கப்பலில் லண்டன் போனவர்) 1960களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, பான் வாசிப்பதற்கென்றே மெட்டமைத்த பாட்டுகளை வருஷா வருஷம் கொடுத்தார். அவர் மெட்டுகளில்தான் எத்தனையோ குழுக்கள் பனோரமாவை ஜெயித்தன. 1972இல் ரே ஹோல்மன் பாடகர்களின் பாட்டை விட்டுவிட்டுத் தன் சொந்த மெட்டோடு போட்டிக்கு வந்தபோது பெரிய சர்ச்சையே நடந்தது. பானுக்கென்று சொந்த இசை வேண்டும் என்ற அவர் பக்கம்தான் நான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜிட் சமாரூ. 1845க்கும் 1917க்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போனார்கள், பெரும்பாலோர் கல்கத்தா வழியாக, ஒரு பகுதியினர் மதராஸ் துறைமுகம் வழியாக. அப்படிப் போன இந்தியர்களின் வம்சத்தில், லோபினோ பகுதியில் 1950இல் பிறந்தவர் இவர். தம்பி தங்கைகளைச் சேர்த்துக் குடும்பக் குழு நடத்தி வளர்ந்து, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கோட்டையான ரெனிகேட்ஸுக்கு இசையமைப்பாளராகப் போய், 1982 முதல் 1997 வரை ஒன்பது முறை பனோரமாவை வாங்கிக்கொடுத்தார். அதில் 1995, 96, 97 மூன்றும் தொடர்ச்சியாக. சொந்தச் சமூகம் வேறு பக்கம் இழுத்திருக்கும், போன இடத்துச் சமூகம் சந்தேகமாகப் பார்த்திருக்கும், அவர் பேச்சில் இறங்காமல் இசையால் பதில் சொன்னார். 2016இல் இறந்தார். அவர் அமைத்த இசையில் மேலே டெனர் ஓட, நடுப்பான்களில் சின்னச் சின்னச் சுரக்கோவைகள் கோலத்தின் உள்கோடு மாதிரி நெருக்கமாக ஓடும். அந்த நடுப்பான் வாசிக்கிறவன் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘இருபதாம் நூற்றாண்டின் ஒரே வாத்தியம்’ என்பது பெருமையில் சொல்வது, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வைப்ரஃபோன் 1920களில் வந்தது, மின் வாத்தியங்கள் எத்தனையோ உண்டு. மின்சாரம் இல்லாமல், ஏழை மக்கள் கையில், முழு வாத்தியக் குடும்பமாகவே வளர்ந்து உலகம் சுற்றியது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. யூடியூபில் மூடிய தட்டு மாதிரி ஒன்றை மடியில் வைத்து விரலால் தட்டுகிறார்களே ஹேண்ட்பான், அதற்கு மூலமான ஹாங் 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஸ்டீல்பான் செய்தவர்கள் பட்டறையில் பிறந்ததுதான்.

கேட்க ஆரம்பிக்க, ரெனிகேட்ஸின் 1990 பனோரமா வாசிப்பை எடுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில். முதல் முறை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டு அடியில் ஒரு இரும்புச் சத்தம் ஓயாமல் ஓடுவதைப் பிடியுங்கள், அது கார் பிரேக் டிரம், அதைச் சுற்றியுள்ள தாளக் கூட்டத்தை ‘எஞ்சின் ரூம்’ என்பார்கள். மூன்றாம் முறை பாஸ். அதற்கு அப்புறம் டெஸ்பராடோஸுக்கு கிளைவ் பிராட்லி செய்தவை, ஃபேஸ் டூ குழுவுக்கு லென் ‘பூக்ஸி’ ஷார்ப் செய்தவை என்று போகலாம். வாசிக்கவும் ஆசை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள், உங்கள் ஊரில் கார்னிவல் நடத்தும் கரீபியன் சங்கம் ஏதாவது இருந்தால் நேராகப் போய்க் கேளுங்கள். எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து யாருக்கும் முதல் நாள் குச்சி பிடிக்கக்கூடத் தெரியாது. பான் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, யார்டிலேயே இருக்கும்.